மாறிக்கொண்டே இருக்கும் இணையச் சேவைகளைக் கோத்து ஒரு வேலையை முடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நான்கைந்து இணையச் சேவைகளை அடுத்தடுத்து அழைத்து ஒரு வேலையை முடிக்கும் நிரலை ஒரே மாலையில் எழுதிவிடலாம். தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு சேவை முகவரியை மாற்றும். இன்னொன்று பதிலில் புதிய புலம் (பெயரோடு வரும் ஒரு தரவு) ஒன்றைச் சேர்க்கும். மூன்றாவது, சில மாதங்களில் மூடப்போவதாக அறிவிக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு நிரலையும் பிரித்துப் போட வேண்டியிருந்தால், கோத்த விதத்தில் கோளாறு இருக்கிறது.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். எல்லாம் சரியாக நடக்கும் வழியை முதலில் எழுதுகிறார்கள். தோல்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். இங்கே தரும் வரிசையில் அழைப்புக்கான நிரல் ஐந்தாம் படியில்தான் வருகிறது. முதல் நான்கைத் தாண்டிக் குதித்தால், பின்னால் வரும் எதுவும் ஒழுங்காக உட்காராது.

வழி நெடுக ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒருவர் பயிற்சி வகுப்புக்குப் பதிவு செய்கிறார். அவருக்கு இடம் ஒதுக்க வேண்டும், கட்டணம் பெற வேண்டும், நுழைவுச்சீட்டு உருவாக்க வேண்டும், தகவல் அனுப்ப வேண்டும். நான்கும் வெவ்வேறு குழுக்கள் நடத்தும் சேவைகள். எதுவும் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு சேவைக்கும் சோதனைச் சூழல் ஒன்று வேண்டும். உண்மையான சேவையில்தான் சோதிக்க முடியும் என்றால், அந்தச் சேவையின் போலி ஒன்றை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணச் சேவை இரண்டு நிமிடம் பதில் தராமல் நின்றால் என்ன நடக்கும் என்பதை வேறு எந்த வழியிலும் சோதிக்க முடியாது.

ஓப்பன் ஏபிஐ விவரணை (சேவையின் ஏபிஐயை, அதாவது பிற நிரல்கள் அதை அழைக்கும் வாயிலை, விவரிக்கும் கோப்பு) இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அந்தக் கோப்பு புலங்களின் பெயரையும் வகையையும் சொல்லும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அழைப்பு வரை ஏற்பார்கள், ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் என்ன செய்வார்கள், பழைய பதிப்பை மூடும் முன் எவ்வளவு காலம் தருவார்கள் என்பவை பெரும்பாலும் அதில் இருக்காது. இந்த மூன்றையும் சேவையை நடத்துபவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, நிரல் நின்றாலும் அழியாத ஒரு தரவுத்தளம். வேலை எந்தப் படியில் இருக்கிறது என்பதை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தால், சர்வர் ஒருமுறை மறுதொடக்கம் ஆனாலே பாதி முடிந்த பதிவுகள் காணாமல் போகும்.

2. நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் வேலையை எழுதுங்கள்

ஒரு தாளில் படிகளை எழுதுங்கள். எந்தச் சேவையின் பெயரும் அதில் வரக்கூடாது. ‘இன்ன நிறுவனத்தின் ஏபிஐயை அழை’ என்பதற்குப் பதிலாக, ‘இந்தத் தொகையை இந்த நபரிடமிருந்து பெறு, பெற்றதற்கான எண்ணைக் கொடு’ என்று எழுதுங்கள். ஒவ்வொரு படிக்கும் உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன, எந்த விதங்களில் தோற்கலாம் என்ற மூன்றும் இருந்தால் போதும்.

இதைச் செய்வதன் காரணம் எளிது. சேவை மாறும், தேவை அவ்வளவு விரைவில் மாறாது. தேவையின் மொழியில் எழுதிய ஓட்டம், சேவை மாறினாலும் அப்படியே நிற்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு: முதலில் கிடைத்த சேவையின் புலப் பெயர்களையே தங்கள் பெயர்களாக்கிக்கொள்வது. அந்தச் சேவை ‘பரிவர்த்தனைக் குறிப்பு’ என்று சொன்னால் நிரல் முழுவதும் அதே சொல் பரவிவிடும். இரண்டாவது கட்டணச் சேவை வரும் நாளில் நூறு இடத்தில் திருத்த வேண்டியிருக்கும்.

3. எது மாறும் என்று பட்டியலிடுங்கள்

ஒவ்வொரு சேவைக்கும் இதைக் கேளுங்கள்: முகவரி மாறுமா, புலங்கள் மாறுமா, வேகம் மாறுமா, அழைப்பு வரம்பு மாறுமா, சேவையே மூடப்படுமா? பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை: மாறினால் நமக்கு எப்படித் தெரியும்? இந்த இரண்டாவது நெடுவரிசை வெறுமையாக இருக்கும் இடங்கள்தான் இரவில் உங்களை எழுப்பப் போகும் இடங்கள்.

மூடப்படுவதை முன்கூட்டியே சொல்வதற்கு ‘சன்செட்’ என்ற எச்டிடிபி தலைப்பு (பதிலின் உடலுக்கு முன்னால் வரும் தகவல் வரி) இருக்கிறது. 2019இல் வெளிவந்த ஆர்எஃப்சி 8594 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அதை வரையறுக்கிறது. எல்லாச் சேவைகளும் அனுப்புவதில்லை. அனுப்பும் சேவையாக இருந்தால், அந்தத் தலைப்பைக் கண்டவுடன் எச்சரிக்கை எழுப்பும்படி இரண்டு வரி எழுதி வைப்பதற்குச் செலவே இல்லை. மின்னஞ்சல் அறிவிப்பு, வேலையை விட்டுப் போனவரின் பெட்டியில் கிடப்பதுண்டு.

எல்லாவற்றிலும் மோசமானது பொருள் மாற்றம். புலத்தின் பெயர் அதேதான், வகையும் அதேதான். ஆனால் ‘முடிந்தது’ என்ற மதிப்பு நேற்றுவரை பணம் வந்துவிட்டதைக் குறித்தது, இன்று கோரிக்கை ஏற்கப்பட்டதை மட்டும் குறிக்கிறது. எந்த வடிவச் சோதனையும் இதைப் பிடிக்காது. பதினோராம் படியில் வரும் கணக்குச் சரிபார்ப்பு மட்டுமே பிடிக்கும்.

4. ஒப்பந்தத்தை உங்கள் பக்கத்திலிருந்து எழுதுங்கள்

ஒப்பந்தம் என்றால் இங்கே, சேவையின் பதிலில் நீங்கள் எதிர்பார்ப்பவை. சேவை நாற்பது புலங்களைத் தரலாம். உங்களுக்கு வேண்டியவை ஐந்து என்றால், அந்த ஐந்தை மட்டும் படியுங்கள், மீதியைத் தொடாதீர்கள். தொடாத புலம் மாறினால் உங்களுக்குப் பாதிப்பில்லை.

இங்கே நான்கு இடங்களில் கவனம் தேவை.

தெரியாத புலம் வந்தால் புறக்கணிக்க வேண்டும். ஜாவாவில் பரவலாகப் பயன்படும் ஜாக்ஸன் நூலகத்தின் 2.x பதிப்புகள், தனியாக அமைக்காவிட்டால், தெரியாத புலத்தைக் கண்டதும் பிழை எறியும். சேவை ஒரு புலத்தைச் சேர்ப்பது அவர்களுக்குச் சாதாரண மாற்றம். உங்களுக்கோ முழு நிறுத்தம்.

பட்டியலில் இல்லாத மதிப்பு வரும். கட்டண நிலைக்கு மூன்று மதிப்புகள் என்று எழுதி வைத்திருப்பீர்கள். நான்காவது ஒருநாள் வந்தே தீரும். அதை வெற்றியாகவும் எடுக்காதீர்கள், தோல்வியாகவும் எடுக்காதீர்கள். ‘தெரியவில்லை’ என்று தனியாக ஒதுக்கி, மனிதர் பார்க்கும் வரிசைக்கு அனுப்புங்கள்.

அடையாள எண்களை எழுத்துச் சரமாகவே வைத்திருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் 2இன் 53ஆம் அடுக்கு, அதாவது 9007199254740992, தாண்டிய முழு எண்களைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது. கடைசி இலக்கம் சத்தமில்லாமல் மாறிவிடும். நீங்கள் வேறொருவரின் பதிவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தொகையைத் தசமப் புள்ளியில்லாத முழு எண்ணாக, சிறிய அலகில் (ரூபாயில் இல்லாமல் பைசாவில்) வாங்குங்கள். நேரத்தை, நேர மண்டல வித்தியாசத்துடன் வாங்குங்கள்.

இந்த எதிர்பார்ப்புகளை ஒப்பந்தச் சோதனைகளாக எழுதுங்கள். பேக்ட் போன்ற கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன. சேவையை நடத்தும் குழு உங்கள் சோதனைகளை ஓட்டச் சம்மதித்தால் மிக நல்லது. சம்மதிக்காவிட்டால் அவர்களுடைய சோதனைச் சூழலின் மேல் நீங்களே தினமும் ஓட்டுங்கள். உங்கள் நிரலை வெளியிடும்போது மட்டும் ஓட்டுவது போதாது. நீங்கள் எதையும் மாற்றாத வாரத்தில்தான் அவர்கள் மாற்றுவார்கள்.

5. ஒவ்வொரு சேவைக்கும் ஓர் அடாப்டர்

இப்போதுதான் அழைப்பு. ஒரு சேவையைத் தொடும் நிரல் முழுவதும் ஒரே அடாப்டருக்குள் இருக்கட்டும்: முகவரி, டோக்கன் (நம்மை அடையாளம் காட்டும் ரகசியக் குறியீடு), புலப் பெயர் மாற்றம், பிழை மொழிபெயர்ப்பு. வெளியே இரண்டாம் படியில் எழுதிய தேவையின் மொழி மட்டுமே தெரிய வேண்டும்.

அடாப்டரின் முக்கிய வேலை பிழைகளை வகைப்படுத்துவது. ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிப் பிழைக் குறியீடுகள் இருக்கும். எல்லாவற்றையும் மூன்றாகச் சுருக்குங்கள்: மீண்டும் முயன்றால் நடக்கலாம், எத்தனை முறை முயன்றாலும் நடக்காது, நடந்ததா இல்லையா என்றே தெரியாது. எச்டிடிபி குறியீடுகளில் 429 (அழைப்புகள் அளவுக்கு மேல்) முதல் வகை. 400 (கோரிக்கையே தவறு) இரண்டாவது வகை. கோரிக்கையை அனுப்பிவிட்டுப் பதில் வராமல் காலக்கெடு முடிந்தால், அல்லது இடையிலிருக்கும் சர்வர் 504 (எனக்கும் பதில் வரவில்லை) தந்தால், அது மூன்றாவது.

புதியவர்கள் மூன்றாவது வகையை முதல் வகையோடு சேர்த்துவிடுகிறார்கள். ஒருவரிடம் இருமுறை பணம் எடுக்கப்படுவதற்கு இதைவிடப் பொதுவான காரணம் இல்லை.

200 (வெற்றி) என்று பதில் தந்து, உடலுக்குள் ‘தோல்வி’ என்று எழுதி அனுப்பும் சேவைகளும் உண்டு. நொந்துகொண்டு பயனில்லை, அடாப்டருக்குள் சமாளியுங்கள். ஆனால் ‘இடம் இல்லையென்றால் அடுத்த வகுப்பைக் கொடு’ போன்ற வணிக முடிவுகளை அடாப்டருக்குள் போடாதீர்கள். சேவையை மாற்றும் நாளில் அந்த முடிவும் சேர்ந்து காணாமல் போகும்.

6. படிகளின் வரிசையை முடிவு செய்யுங்கள்

முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது.

வெவ்வேறு சேவைகளுக்கு நடுவே ஒரே தரவுத்தளப் பரிவர்த்தனை (எல்லாம் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்ற உறுதி) கிடையாது. மூன்றாவது படி தோற்றால் முதல் இரண்டும் தாமாகப் பின்வாங்காது. ஆகவே ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுசெய்யும் செயல் ஒன்றை எழுத வேண்டும். 1987 முதல் இதற்கு ‘சாகா’ என்று பெயர்.

படிகளை மூன்று வகையாகப் பிரியுங்கள். ஈடுசெய்யக்கூடியவை: இடம் ஒதுக்குதல், தேவையில்லை என்றால் விடுவிக்கலாம். திரும்ப முடியாத படி: அதைத் தாண்டினால் வேலையை முன்னோக்கி முடித்தே ஆக வேண்டும். மீண்டும் மீண்டும் முயன்று முடித்துவிடக்கூடியவை: நுழைவுச்சீட்டு உருவாக்குவது, தகவல் அனுப்புவது.

வரிசை இதே முறையில் வர வேண்டும். ஈடுசெய்யக்கூடியவை எல்லாம் முதலில், திரும்ப முடியாத ஒரே ஒரு படி நடுவில், மீண்டும் முயலக்கூடியவை கடைசியில். நம் உதாரணத்தில் இடம் ஒதுக்குதல், பிறகு கட்டணம், பிறகு சீட்டு, கடைசியில் தகவல்.

கட்டணத்தைத் திருப்பித் தரலாமே, அது ஏன் திரும்ப முடியாத படி? தரலாம். ஆனால் திருப்புவதற்கு நாள்கள் ஆகலாம், கழிவு பிடிக்கப்படலாம், பணம் கொடுத்தவரின் கணக்கில் இரண்டு வரிகள் தெரியும். ஈடுசெய்வது என்பது நடந்ததை நடக்காததாக ஆக்குவதில்லை. இன்னொரு செயலைச் செய்து கணக்கை நேராக்குவது. செலவு அதிகமான ஈட்டைத் தவிர்க்க முடியுமானால் தவிர்ப்பதே நல்லது. கட்டணச் சேவை முதலில் தொகையைத் தடுத்து வைத்துப் பிறகு எடுக்கும் வசதி தந்தால், தடுத்து வைப்பதை ஈடுசெய்யக்கூடிய படியாகவும், எடுப்பதைத் திரும்ப முடியாத படியாகவும் பிரித்துக்கொள்ளுங்கள்.

தகவல் அனுப்புவதை முன்னால் கொண்டுவர வேண்டும் என்று யாராவது கேட்பார்கள், பயனருக்கு விரைவாகப் பதில் தெரியட்டும் என்பதற்காக. அப்படியென்றால் ‘உங்கள் கோரிக்கை வந்து சேர்ந்தது’ என்று மட்டும் சொல்லுங்கள். ‘இடம் உறுதி’ என்று அனுப்பிய மின்னஞ்சலைத் திரும்ப வாங்க முடியாது.

ஒதுக்கீட்டைக் காலாவதி நேரத்தோடு கேளுங்கள். உங்கள் நிரல் பாதியில் செத்து, விடுவிக்கும் அழைப்பு போகாமலேயே இருந்தாலும் இடம் தானாக விடுபடும். இன்னொரு நுணுக்கம்: விடுவிக்கும் அழைப்பு, ஒதுக்கும் அழைப்புக்கு முன்பே போய்ச் சேரலாம். ஒதுக்கும் கோரிக்கை வழியில் தாமதமாகி, நீங்கள் காலக்கெடு முடிந்து விடுவிப்பை அனுப்பியிருப்பீர்கள். ‘அப்படி ஓர் ஒதுக்கீடே இல்லை’ என்று சேவை சொல்லும். சற்று நேரத்தில் ஒதுக்கீடு வந்து உட்காரும். இங்கும் காலாவதி நேரம்தான் காப்பாற்றுகிறது.

7. யார் நடத்துவது?

இரண்டு வழிகள். ஒருங்கிணைப்பான் ஒன்று நடுவில் இருந்து ஒவ்வொரு சேவையையும் அழைக்கலாம். அல்லது ஒவ்வொரு சேவையும் தன் வேலை முடிந்ததும் நிகழ்வு ஒன்றை வெளியிட, அடுத்தது அதைக் கேட்டு இயங்கலாம்.

பணமோ, வரிசை முக்கியமான படிகளோ இருந்தால் ஒருங்கிணைப்பானையே தேர்ந்தெடுங்கள். வேலை எங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு ஒரே இடத்தில் பதில் கிடைக்கும். நிகழ்வு முறையில் படிகளைச் சேர்ப்பது எளிதுதான். ஆனால் முழு ஓட்டமும் எந்த ஒரு கோப்பிலும் எழுதப்பட்டிருக்காது. படிகள் கூடக்கூட, ஓட்டத்தைத் தெரிந்தவர் யார் என்று ஆள் தேட வேண்டிவரும். தகவல் அனுப்புதல், புள்ளிவிவரம் சேகரித்தல் போன்ற ஓரத்து வேலைகளுக்கு நிகழ்வு முறை நன்றாகப் பொருந்தும்.

டெம்போரல், கமுண்டா, ஏடபிள்யூஎஸ் ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் போன்ற கருவிகள் நிலையைச் சேமித்து வைக்கும் வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. நான்கு படிகளுக்கு, ‘நிலை’ என்ற நெடுவரிசை உள்ள ஓர் அட்டவணையும் அதைப் பார்த்து இயங்கும் ஒரு சிறு நிரலும் கூடப் போதும். எதுவானாலும் விதி ஒன்றே: அழைக்கப் போகிறேன் என்பதை அழைப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். அழைத்த பிறகு எழுதினால், இடையில் நிரல் செத்தபோது அழைப்பு போனதா என்பதற்குச் சாட்சியே இருக்காது.

8. காலக்கெடு, மறுமுயற்சி, துண்டிப்பு

முதலில் காலக்கெடு. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில், நீங்கள் சொல்லாவிட்டால் காலக்கெடுவே கிடையாது. பதில் வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும். உங்கள் மொழியின் நூலகம் என்ன செய்கிறது என்று இன்றே பாருங்கள்.

பயனருக்கு எட்டு விநாடிக்குள் பதில் தர வேண்டுமானால், அந்த எட்டைப் படிகளுக்குள் பங்கிடுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஐந்து விநாடி என்று தனித்தனியாக வைத்தால் மொத்தம் இருபது ஆகிவிடும். பயனர் எப்போதோ போயிருப்பார், நிரல் மட்டும் உழைத்துக்கொண்டிருக்கும். அதற்குள் முடியாத படிகளைப் பின்னணிக்குத் தள்ளி, 202 (ஏற்றுக்கொண்டோம், இன்னும் முடியவில்லை) என்று பதில் தந்துவிடுங்கள்.

மறுமுயற்சியை ஒரே அடுக்கில் மட்டும் வையுங்கள். மூன்று அடுக்குகள், ஒவ்வொன்றும் மூன்று முறை முயன்றால், அடியிலிருக்கும் சேவைக்கு 27 அழைப்புகள் போகும். ஏற்கெனவே தள்ளாடும் சேவையை எழவிடாமல் அடிப்பது இதுதான். ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். அதில் சிறிது தற்செயல் அளவையும் கலந்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே நேரத்தில் தோற்ற ஆயிரம் கோரிக்கைகளும் ஒரே நேரத்தில் திரும்பி வரும். ‘ரீட்ரை ஆஃப்டர்’ தலைப்பு வந்தால் உங்கள் கணக்கை விட்டுவிட்டு அது சொல்லும் நேரத்தை மதியுங்கள்.

எச்டிடிபியில் கெட், புட், டெலீட் ஆகிய கோரிக்கை வகைகளை மீண்டும் அனுப்பினால் விளைவு மாறக்கூடாது என்பது விதி. போஸ்ட்டுக்கு அந்த உறுதி இல்லை. ஆகவே ஒவ்வொரு போஸ்ட்டோடும் தனித்துவச் சாவி ஒன்றை அனுப்புங்கள். அதே சாவி மீண்டும் வந்தால் சேவை பழைய பதிலையே தர வேண்டும். சாவியை முதல் முயற்சிக்கு முன் ஒருமுறை மட்டும் உருவாக்கித் தரவுத்தளத்தில் எழுதுங்கள். மறுமுயற்சிச் சுழலுக்குள் உருவாக்குவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை. ஒவ்வொரு முறையும் புதுச் சாவி போனால், அது இருந்தும் இல்லாததே.

சேவைக்கு அந்த வசதியே இல்லையென்றால், மறுபடி அனுப்பும் முன், ‘இந்தப் பதிவு எண்ணுக்குக் கட்டணம் வந்ததா’ என்று கேட்டுப் பாருங்கள். கேட்கவும் வழியில்லாத சேவையைப் பணத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

சர்க்யூட் பிரேக்கர் கடைசியாக வருகிறது. தொடர்ந்து தோற்கும் சேவைக்குச் சிறிது நேரம் அழைப்பையே நிறுத்தி, பிறகு ஓரிரு அழைப்புகளை அனுப்பிப் பார்ப்பது அதன் வேலை. நூலகத்தைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. அது துண்டித்திருக்கும்போது பயனருக்கு என்ன காட்டுவது என்பதை முடிவு செய்யாமல் சேர்க்காதீர்கள்.

9. மாற்றுச் சேவை

ஒவ்வொன்றும் 99.9 சதவீத நேரம் இயங்கும் ஐந்து சேவைகள் ஐந்தும் கட்டாயம் வேண்டும் என்றால், தோல்விகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டாலும், மொத்தம் ஏறத்தாழ 99.5 சதவீதம்தான். 30 நாள் மாதத்தில் ஒரு சேவைக்கு 43 நிமிடமாக இருக்கும் நிறுத்தம், ஐந்தும் சேரும்போது மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மாற்றுச் சேவை வைத்துக்கொள்ளக் காரணம் இதுதான்.

எந்தச் சேவையை எப்போது அழைப்பது என்ற விதியை நிரலுக்கு வெளியே அமைப்புக் கோப்பில் வையுங்கள்; அந்தக் கோப்புக்கும் பதிப்பு எண்ணும் பரிசீலனையும் வேண்டும். முதல் சேவை ‘நடக்காது’ என்று தெளிவாகச் சொன்னாலோ, அழைப்பே போய்ச் சேரவில்லை என்று உறுதியானாலோ மட்டும் இரண்டாவதற்குத் தாவுங்கள். ‘தெரியவில்லை’ நிலையில் தாவினால், இரண்டு சேவைகளும் பணத்தை எடுத்திருக்கலாம். தனித்துவச் சாவி இங்கே உதவாது, ஏனெனில் ஒரு சேவையின் சாவியை மற்றது அறியாது. தகவல் அனுப்புவதில் இந்தக் கவலை வேண்டாம். இரண்டு மின்னஞ்சல் போனால் எரிச்சல்தான், இழப்பில்லை.

மாற்றுச் சேவைக்கு எப்போதும் ஒரு சிறு பங்கு அழைப்புகளை அனுப்பிக்கொண்டே இருங்கள். ஆறு மாதம் தொடாத மாற்று, தேவைப்படும் நாளில் காலாவதியான டோக்கனோடு நிற்கும்.

10. ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளுக்கு நடுவே புதிய பதிப்பு

ஓட்டத்தின் இரண்டாம் பதிப்பை வெளியிடும்போது, முதல் பதிப்பில் தொடங்கிப் பாதியில் நிற்கும் பதிவுகள் இருக்கும். ஒவ்வொரு பதிவிலும் அது எந்தப் பதிப்பில் தொடங்கியது என்று எழுதி வையுங்கள். தொடங்கிய பதிப்பிலேயே முடியட்டும். டெம்போரல் போன்ற கருவிகள் பழைய வரலாற்றை மீண்டும் ஓட்டித்தான் நிலையைக் கட்டுகின்றன. நடுவில் ஒரு படியை நுழைத்தால் வரலாறும் நிரலும் பொருந்தாமல் பிழை எழும். அவற்றின் பதிப்பு வசதியை முதல் நாளே படித்துவிடுங்கள்.

புலம் மாற்றும்போது முதலில் புதியதைச் சேர்த்து, இரண்டையும் படிக்கும் நிரலை வெளியிட்டு, பழையதை யாரும் பயன்படுத்தவில்லை என்று எண்ணிக்கையில் உறுதி செய்த பிறகு நீக்குங்கள்.

11. கண்காணிப்பும் கணக்குச் சரிபார்ப்பும்

ஒரு பதிவுக்கு ஒரே தடய எண், எல்லா அழைப்புகளிலும். இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி இதற்கென வரையறுத்த ‘ட்ரேஸ்பேரண்ட்’ தலைப்பை, கண்காணிப்புக்கான ஓப்பன் டெலிமெட்ரி நூலகங்கள் தாமே சேர்க்கும். எந்த அடாப்டர், எந்தப் பதிப்பு என்பதையும் கூடவே பதியுங்கள்.

பிழை எண்ணிக்கையைவிட முக்கியமான அளவு, முடியாமல் கிடக்கும் வேலைகளில் மிகப் பழையதன் வயது. பிழையே எழாமல் ஒரு வேலை மூன்று நாள் தூங்க முடியும். பிழை வரைபடம் அப்போதும் அழகாக இருக்கும்.

தினமும் ஒருமுறை உங்கள் பதிவுகளையும் கட்டணச் சேவையின் பட்டியலையும் ஒப்பிடுங்கள். பணம் வந்து இடம் இல்லாதவை, இடம் இருந்து பணம் வராதவை இரண்டும் தெரியும். மூன்றாம் படியில் சொன்ன பொருள் மாற்றமும் இங்கேதான் முதலில் தலைகாட்டும்.

12. திறந்துவிடும் முன்

ஒவ்வொரு படிக்கும் முன்னும் பின்னும் நிரலைக் கொன்று பாருங்கள். மீண்டும் தொடங்கும்போது வேலை சரியாகத் தொடர வேண்டும். நான்கு படிகளுக்கு எட்டு இடங்கள். ஒரு நாளில் முடிந்துவிடும். பிறகு ஒவ்வொரு போலிச் சேவையையும் மெதுவாக்குங்கள், தெரியாத மதிப்பு தரச் சொல்லுங்கள், ஒரே பதிலை இருமுறை அனுப்பச் சொல்லுங்கள்.

புதிய அடாப்டரை ஒரு சிறு பங்குப் பதிவுகளுக்கு மட்டும் திறந்து, குறைந்தது ஒரு கணக்குச் சரிபார்ப்பு முடியும்வரை காத்திருங்கள். பங்கை ஏற்றிக்கொண்டே போய் முழுவதும் மாறிய பிறகு, பழைய பதிப்பில் தொடங்கிய கடைசிப் பதிவும் அதன் திருப்பித் தரும் காலமும் முடியும்வரை பழைய அடாப்டரை அழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பும் அழைப்பு அந்த வழியாகத்தான் போக வேண்டும்.